பெயரும் விலையும்

நிலத்திற்கு விலை உண்டு. நெல்லுக்கு விலை உண்டு. ஒருவருடைய பெயருக்கும் வயதுக்கும் தொலைபேசி எண்ணுக்கும் விலை உண்டு என்று சொல்லியிருந்தால் நம் பாட்டனார் காலத்தவர் நகைத்திருப்பர். அந்த விலை இன்னதென்பது 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நம் ஹைதராபாத் நகரத்திலேயே வெளியாயிற்று. நகரின் மேற்குப் பகுதியைக் காவல் செய்யும் சைபராபாத் போலீசார், ஏறத்தாழ 16 கோடியே 80 லட்சம் இந்தியருடைய சொந்த விவரங்களைத் திரட்டி விற்று வந்தார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் ஏழு பேரைக் கைது செய்ததாக அறிவித்தனர். 50,000 பேருடைய விவரங்கள் 2,000 ரூபாய்க்குக்கூட விற்கப்பட்டன என்பது அப்போது வெளிவந்த செய்தி. வகுத்துப் பார்த்தால் தலைக்கு நான்கு காசு ஆகிறது.

நான்கு காசு என்பதை இன்று கையில் எடுத்துக் கொடுக்கவும் இயலாது. 25 காசு நாணயமும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாளுடன் செல்லாதனவாகிவிட்டன. நாணயமே இல்லாத ஒரு தொகைக்கு ஒரு மனிதனுடைய அடையாளம் கைமாறுகிறது.

சில நாட்கள் கழித்து அதே போலீசார் இன்னொருவரைக் கைது செய்தனர். அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஜாபிதா 24 மாநிலங்களையும் 8 பெருநகரங்களையும் சேர்ந்த 66 கோடியே 90 லட்சம் தனி மனிதரையும் நிறுவனங்களையும் பற்றியது. இதனை இரண்டு கைப்பேசிகளிலும் இரண்டு மடிக்கணினிகளிலும் அடக்கி வைத்திருந்தார் என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். முன்னர் இவ்வளவு பேருடைய பெயரை எழுதி வைக்கக் கட்டடம் கட்டடமாகப் பேரேடுகள் வேண்டியிருக்கும்; அவற்றைத் திருடிச் செல்ல ஒரு கூட்ஸ் வண்டியும் வேண்டியிருக்கும்.

லாலாகுடாவில் வசிக்கும் நமக்குக் கூட்ஸ் வண்டி நினைவுக்கு வருவது இயற்கை. 1893இல் நிஜாம் ரயில்வேயினர் இங்கே பட்டறை அமைத்த நாள்தொட்டு இது ரயில்வேக்காரருடைய ஊர். சென்னை மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்து பிழைப்பை நாடி வந்து, மெட்டுகுடாவிலும் சீதாபல்மண்டியிலும் மல்காஜ்கிரியிலும் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் சில அல்ல. அத்தகைய குடும்பங்களின் பெயர்கள் அந்நாளில் எங்கெங்கே எழுதப்பட்டிருந்தன என்று எண்ணிப் பார்ப்போம். பட்டறையின் சம்பளப் பட்டியலில் ஒன்று. பங்கீட்டுக் கடையில் ஒன்று. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் ஒன்று. இவற்றிற்கெல்லாம் மேலாக மளிகைக் கடைக்காரருடைய கடன் நோட்டில் ஒன்று. மாதச் சம்பளம் வந்ததும் யார் கணக்கைத் தீர்ப்பார், யார் அடுத்த மாதம் என்பார், யார் அடுத்த தெருக் கடைக்கு மாறிவிடுவார் என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். அவரறிந்த செய்தி மதிப்புள்ள செய்திதான். ஆனால் அது அவர் கடையின் கல்லாப் பெட்டியோடு நின்றது.

அந்தக் கடன் நோட்டைக் கடைக்கு வெளியே கொண்டு சென்றால் அதுவே ஒரு வியாபாரமாகும் என்று கண்டவர்கள் அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்துச் சகோதரர் இருவர். 1899இல் அவர்கள் மளிகைக் கடை தோறும் சென்று, இன்னார் கடனை உடனே தீர்ப்பவர், இன்னார் தாமதிப்பவர், இன்னாருக்கு ரொக்கத்திற்கே சரக்குக் கொடுக்க வேண்டும் என்று குறித்து வந்து, அவற்றைப் புத்தகமாக்கி வணிகருக்கு விற்றனர். ஆண்டுச் சந்தா 25 டாலர். அந்தச் சிறு நிறுவனமே பிற்காலத்தில் எக்விஃபாக்ஸ் என்னும் பெயர் பெற்றது. 2017இல் அதன் கணினிகளில் யாரோ புகுந்து, 14 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கருடைய விவரங்களைக் கொண்டு சென்ற செய்தியை நேயர்களில் பலர் படித்திருக்கக்கூடும். நோட்டில் எழுதப்பட்டிருந்தவருக்கு அந்த 25 டாலரில் ஒரு காசும் கிடைத்ததில்லை. தம் பெயர் அதில் இருக்கிறது என்பதும் பெரும்பாலோருக்குத் தெரியாது. 120 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வியாபாரத்தின் இலக்கணம் இதுவாகவே இருந்து வருகிறது.

இத்தொழில் செய்வோரைத் தரவுத் தரகர் என்று இப்போது குறிப்பிடுகின்றனர். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட நமக்கு இச்சொற்களில் ஒரு மயக்கம் உண்டு. தரவு, தரகு இரண்டிற்கும் ஓர் எழுத்தே வேற்றுமை. கல்லூரியில் யாப்பு படித்தவருக்குத் தரவு என்றால் கலிப்பாவின் முதல் உறுப்பு. தரவுக்குப் பின் தாழிசை வரும் என்று மனப்பாடம் செய்தோம். இக்காலத்தில் தரவுக்குப் பின் தரகரே வருகிறார்.

தரகர் செய்வது யாது? விவரங்களைத் திரட்டுகிறார், ஒன்றோடொன்று பொருத்துகிறார், இனம் பிரிக்கிறார், விற்கிறார். இவற்றுள் முக்கியமானது பொருத்துதல். தொலைபேசி எண் மட்டும் இருந்தால் அது வெறும் பத்து இலக்கம். அதனோடு பெயரைச் சேர்த்தால் சிறிது விலை ஏறுகிறது. வயதையும் ஊரையும் சேர்த்தால் இன்னும் சிறிது. சென்ற வாரம் இவர் மருத்துவமனையில் இருந்தார், சென்ற மாதம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், அடுத்த மாதம் மகளுக்குத் திருமணம் என்பது போன்ற ஒரு செய்தி சேருமானால் விலை பல மடங்காகிறது. ஏனெனில் மனிதன் பணத்தை எடுக்கும் தறுவாய்கள் இவை. அமெரிக்க வர்த்தகக் குழு 2014இல் ஒன்பது தரகு நிறுவனங்களை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், அவற்றுள் ஒன்று ஏறக்குறைய ஒவ்வோர் அமெரிக்க நுகர்வோரையும் பற்றி 3,000 கூறுகள் வைத்திருந்தது என்று கூறப்பட்டுள்ளது. நம்மைப் பற்றி நாமே 3,000 செய்திகள் எழுதச் சொன்னால் முந்நூறில் பேனா நின்றுவிடும்.

எனினும் மொத்தச் சந்தையில் விலை மலிவு. இலண்டனிலிருந்து வரும் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை 2013இல் ஒரு கணக்கு வெளியிட்டது. வயது, பால், இருப்பிடம் ஆகிய பொது விவரங்கள் ஆயிரம் பேருக்கு அரை டாலர் என்பது அக்கணக்கு. 2023இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் தங்கள் நாட்டுப் போர்வீரர்களின் விவரங்களையே தரகரிடம் விலைக்குக் கேட்டுப் பார்த்தனர். பெயர், முகவரி முதலியவை தலைக்கு 12 செண்டுக்குக் கிடைத்தன. நம் நாட்டிலும் சைபராபாத் வழக்கில் அகப்பட்ட ஜாபிதாக்களில் பாதுகாப்புப் படையினர் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தனர் என்று போலீசார் கூறினர். எல்லையில் நிற்பவருடைய பெயரும் கடனட்டை வைத்திருப்பவருடைய பெயரும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன.

விற்றவர்களெல்லாம் சட்டத்திற்கு ஒளிந்து விற்றவர்கள் என்று நினைத்துவிடலாகாது. சர்க்காரும் இச்சந்தைக்குள் சென்று திரும்பியது உண்டு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2019இல் ஒரு கொள்கையை வகுத்தது. வாகனப் பதிவுகள் சுமார் 25 கோடி, ஓட்டுநர் உரிமங்கள் சுமார் 15 கோடி, ஆக இவ்விரண்டு தொகுதிகளையும் மொத்தமாகப் பெற விரும்பும் வணிக நிறுவனம் ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும், கல்வி நிறுவனம் 5 லட்சம் ரூபாயும் செலுத்த வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அவ்வாண்டு ஜூலையில் பாராளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விடையின்படி, 87 தனியார் நிறுவனங்களுக்கு இத்தொகுதிகளைக் காண வழி செய்யப்பட்டிருந்தது; வருவாய் 65 கோடி ரூபாய். நாற்பது கோடிப் பதிவுகளுக்கு மூன்று கோடி ரூபாய் என்றால் பதிவு ஒன்றுக்கு ஏழரைக் காசு. கள்ளச் சந்தையின் நான்கு காசுக்கும் சர்க்கார் விலையாகிய ஏழரைக் காசுக்கும் பெரிய தூரமில்லை என்பது வியப்பூட்டும் பொருத்தம். அந்தரங்கத்திற்கு ஊறு நேரும் என்ற கவலையின் பேரில் 2020 ஜூன் மாதத்தில் அமைச்சகமே அக்கொள்கையைக் கைவிட்டது. அது நல்ல முடிவு என்பதில் நமக்கு ஐயமில்லை. உரிமம் பெறுவதற்காக ஒருவர் தம் முகவரியைச் சர்க்காரிடம் கொடுத்தது வண்டி ஓட்டுவதற்கேயன்றிக் காப்பீட்டு முகவர் தம்மைக் கூப்பிடுவதற்கு அன்று.

ரயில்வே ஊரில் இருந்துகொண்டு ரயில் பயணிகளைப் பற்றிச் சொல்லாமற் போவது முறையாகாது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம், தன்னிடமுள்ள பயணிகளின் விவரங்களிலிருந்து வருவாய் ஈட்டும் வழிகளை ஆராய்ந்து சொல்ல ஓர் ஆலோசகரை நாடி டெண்டர் விடுத்தது. எதிர்பார்க்கப்பட்ட வருவாய் 1,000 கோடி ரூபாய். ஆராய வேண்டியவை என்று அந்த டெண்டரில் பெயர், வயது, கைப்பேசி எண், பால், முகவரி, மின்னஞ்சல், உடன் பயணம் செய்வோரின் தொகை, பயண வகுப்பு, பணம் செலுத்திய முறை ஆகியவை வரிசையாகக் குறிக்கப்பட்டிருந்தன. பதிவு செய்திருந்த பயணிகள் பத்துக் கோடிக்கு மேல் என்று அப்போது சொல்லப்பட்டது. அவ்வாறாயின் தலைக்குச் சுமார் 100 ரூபாய் ஆகிறது. நான்கு காசு எங்கே, நூறு ரூபாய் எங்கே! எதிர்ப்பு எழுந்தது, பாராளுமன்றக் குழு விளக்கம் கேட்டது, ஆகஸ்ட் 26ஆம் நாள் டெண்டர் திரும்பப் பெறப்பட்டதாக நிறுவனத்தார் குழுவின் முன் தெரிவித்தனர்.

இங்கே நின்று சற்று எண்ண வேண்டியது ஒன்று உண்டு. செகந்தராபாத்திலிருந்து சென்னைக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ ஆண்டுக்கு இருமுறை சென்று வருகிற ஒரு குடும்பத்தின் பயணக் கணக்கு என்ன கூறும்? பொங்கலுக்கு எந்த ஊர் இறங்குகிறார்கள் என்பதால் சொந்த ஊரைக் கூறும். இரண்டாம் வகுப்பா, குளிர்பதனப் பெட்டியா என்பதால் வருமானத்தைக் கூறும். முதியோர் ஒருவர் தனியே சென்று திரும்பி, பின்னர் செல்லாமலே நின்றுவிட்டால் அதனையும் கூறும். ஆறு மாதமாக வீடு பூட்டியிருக்கும் நாட்கள் எவை என்பதையும் கூறும். தமிழ்நாட்டிலேயே வாழ்பவருக்கு இத்தகைய தடயம் இவ்வளவு தெளிவாக விழுவதில்லை. வெளி மாநிலத்தில் வாழ்பவருடைய வாழ்க்கை வரவும் போக்குமாக இருப்பதால் அது முழுவதும் எங்கேனும் பதிவாகிறது.

திருமணப் பதிவுகளும் அத்தகையனவே. அயலூரில் இருந்துகொண்டு பிள்ளைக்குப் பெண் பார்ப்பதென்றால், உறவினர் வாய்மொழி முன்போல் எட்டுவதில்லை. ஆகையால் வரன் பதிவு நிலையங்களை நாடுகிறோம். பிறந்த நாள், நாழிகை, ஊர், நட்சத்திரம், கோத்திரம், படிப்பு, சம்பளம், தந்தையின் உத்தியோகம், சொந்த வீடு உண்டா இல்லையா, உடன் பிறந்தோர் எத்தனை பேர், அவர்களில் மணமானோர் யார் என்று அனைத்தையும் நாமே வரிசையாக எழுதிப் புகைப்படத்தையும் ஒட்டிக் கொடுக்கிறோம். தரகர் ஒருவர் பத்து இடங்களில் அலைந்து பொருத்த வேண்டியதை நாம் ஒரே தாளில் பொருத்தி அளிக்கிறோம். வேறு வழியுமில்லை. ஜாதகம் கொடுக்காமல் கலியாணம் பேச இயலுமா?

மொத்த விலை மலிவானால் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர் உண்டு. விற்பவனுக்கு நான்கு காசு என்பது வாங்குபவனுக்கும் நான்கு காசு என்று பொருளாகாது. இக்கணக்கை விளக்க நம் லாலாகுடாவில் நடந்ததொன்றைச் சொல்லலாம். பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். நாம் அவரை அண்ணா என்று அழைப்பது வழக்கம். ஒரு நாள் முற்பகல் அவருக்குத் தொலைபேசி வந்தது. பேசியவன் தெலுங்கிலோ இந்தியிலோ பேசவில்லை, நல்ல தமிழில், “ஐயா, வணக்கம். உங்கள் ஓய்வூதியச் சான்று இந்த மாதத்தோடு காலாவதியாகிறது” என்று மரியாதையாகத் தொடங்கினான். அவர் எந்த வங்கியில் ஓய்வூதியம் வாங்குகிறார், எந்த ஆண்டில் ஓய்வு பெற்றார், மனைவியின் பெயர் என்ன என்பதெல்லாம் அவனே சொன்னான். அண்ணா சரிபார்க்க வேண்டியது ஒன்றும் மிச்சமில்லை. கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்கத்தை மட்டும் கேட்டான். அவர் மனைவி அடுப்பங்கரையிலிருந்து வந்து, “ஏங்க, யாரிடம் எண்ணெல்லாம் படிக்கிறீர்கள்?” என்று கையைப் பிடித்ததற்குள் 1,80,000 ரூபாய் போய்விட்டது.

பணம் போனதைக் காட்டிலும் அவரை வருத்தியது வேறொன்று. “தமிழில் பேசினானே தம்பி, அதனால் நம்பினேன்” என்றார். நேயர்களே, வெளி மாநிலத்தில் வாழ்வோர் இச்சொல்லின் பாரத்தை அறிவர். பேருந்தில் பின்னிருக்கையில் யாரோ தமிழ் பேசக் கேட்டால் திரும்பிப் பார்க்கிறோம்; ஊர் எது என்று விசாரிக்கிறோம். அந்தத் தாபம் நம் பலவீனமும் ஆகும் என்று ஜாபிதா விற்றவனுக்குத் தெரிந்திருந்தது. இன்னார் செகந்தராபாத்தில் வசிக்கும் தமிழர் என்பது, வயது, வங்கி என்பன போல ஒரு கட்டத்தில் நிரப்பப்பட்ட செய்தி. தாய்மொழியும் ஒரு தரவாகிவிட்டது. இந்தியா முழுவதிலும் இணையக் குற்றங்களால் 2024ஆம் ஆண்டில் மக்கள் இழந்த தொகை ரூ. 22,845 கோடி என்று உள்துறை அமைச்சகம் பாராளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. நான்கு காசுச் சரக்கு இந்தப் பேரிழப்பின் மூலப்பொருள்களில் ஒன்று.

கடன் செயலிகளின் கதை இதனினும் கொடியது. ஊரடங்கினால் வேலையற்றுப் போனவர்கள் 2020இல் கைப்பேசிச் செயலிகளில் மூவாயிரம், ஐயாயிரம் என்று சிறு கடன் வாங்கினர். நகையோ பத்திரமோ அடகு வைக்கவில்லை. செயலியைக் கைப்பேசியில் ஏற்றும்போது அதிலுள்ள பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொள்ளச் சம்மதம் கேட்டது, தட்டிவிட்டனர். தவணை தவறியதும் அப்பட்டியலில் உள்ள தாய் மாமனுக்கும் மைத்துனிக்கும் அலுவலக மேலாளருக்கும் அவமானச் செய்திகள் சென்றன. தெலங்கானத்தில் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர். 2020 டிசம்பரில் ஹைதராபாத், சைபராபாத் போலீசார் இச்செயலிகளுக்காக இயங்கிய அழைப்பு மையங்களைச் சோதனையிட்டுப் பலரைக் கைது செய்தனர். ஆக, அங்கே அடகு வைக்கப்பட்டது கடன் வாங்கியவனுடைய மானம். அதற்குப் பிணை நின்றவர்கள் தாம் பிணை நிற்பதை அறியாத உறவினர். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2ஆம் நாள் வெளியிட்ட வழிமுறைகளில், கடன் செயலிகள் பெயர்ப் பட்டியலையும் அழைப்புக் குறிப்புகளையும் தொடலாகாது என்று விதித்தது.

இச்சம்பவம் ஒரு வாதத்திற்கு விடையாகவும் அமைகிறது. விவரம் நம்முடையது, அதனால் பிறர் ஈட்டும் இலாபத்தில் நமக்குப் பங்கு கொடுக்கட்டும் என்று வாதிப்போர் உண்டு. ஜேரன் லேனியர் என்ற கணினி அறிஞர் 2013இல் ஒரு நூலே எழுதினார். கலிபோர்னியாவின் ஆளுநர் 2019இல் தரவுக்கு ஈவுத்தொகை என்ற யோசனையை வெளியிட்டார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஃபேஸ்புக் நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் அமெரிக்கா, கனடா நாட்டவர் ஒருவரிடமிருந்து கிடைத்த சராசரி வருவாய் 68 டாலர். ஆசிய, பசிபிக் நாட்டவர் ஒருவரிடமிருந்து ஐந்தரை டாலர் அளவே. பங்கு கேட்டால் இந்த விகிதத்தில்தான் கிடைக்கும். ஏழையின் பெயர் மலிவு, செல்வனின் பெயர் அரிது என்ற நிலையை நாமே கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டதாக ஆகும். அன்றியும் நம் கைப்பேசியில் உள்ள பெயர்ப் பட்டியல் நமக்கு மட்டும் சொந்தமா? அதில் உள்ள முந்நூறு பேரை விற்க நமக்கு உரிமை கொடுத்தவர் யார்? தோட்டத்து மாங்காயை விற்பது போல இதனை விற்க முடியாது என்பது நம் அபிப்பிராயம்.

உச்ச நீதிமன்றமும் இதனைச் சொத்துரிமையாகக் கொள்ளவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். உயிர் வாழும் உரிமையோடும் மனிதனுடைய கண்ணியத்தோடும் அதனைச் சேர்த்து வைத்தனர். கண்ணியத்திற்குச் சந்தை நிலவரம் கிடையாது.

அத்தீர்ப்பின் வழியில் 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சட்டத்தின் முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அன்றிலிருந்து 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. சர்க்காருடைய சில பணிகளுக்கு இச்சட்டம் அகலமான விலக்குகள் அளித்திருப்பது குறித்து வழக்கறிஞர்களிடையே வாதம் உண்டு. அதனை அவர்களுக்கே விடுவோம். பாதுகாப்புக் குறைவினால் விவரங்கள் வெளியேறினால் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இது சிறிய தொகையன்று. ஆனால் அபராதம் இந்தியாவின் திரட்டு நிதியில் சேரும். விவரத்தை இழந்தவருக்கு அதில் ஒரு பகுதியும் இல்லை. முன்னிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, நிறுவனத்தின் அசட்டையினால் இழப்படைந்தவர் நஷ்டஈடு கேட்க இடமளித்தது; அப்பிரிவை நீக்கவும் புதிய சட்டம் ஏற்பாடு செய்திருக்கிறது. நம் அண்ணாவுக்கு 1,80,000 ரூபாய் போயிற்று. அவருடைய விவரத்தைக் கசியவிட்ட நிறுவனம் நாளை கண்டுபிடிக்கப்பட்டு 250 கோடி கட்டினாலும் இந்தச் சட்டத்தின் கீழ் அவருக்கு ஈடில்லை. சட்டத்தை வரவேற்கும் நமக்கும் இந்த இடம் உறுத்துகிறது.

இச்சட்டத்தின் மொழியில் கவனிக்கத்தக்க புதுமைகள் சில உள. தனிநபரைக் குறிக்கும் இடமெல்லாம் ஆண்பாலுக்குப் பதிலாகப் பெண்பால் சொல்லே ஆங்கில மூலத்தில் கையாளப்பட்டுள்ளது. இந்தியச் சட்டங்களில் இது புதிது. உயர்திணையில் பலர்பால் கொண்டு யாவரையும் மரியாதையாகக் குறிக்கும் தமிழுக்கு இந்தச் சிக்கலே இல்லை. விவரங்களை வைத்திருக்கும் நிறுவனத்தை வெறும் உடைமையாளர் என்று சொல்லாமல், பிறர் பொருளை நம்பிக்கையின் பேரில் காப்பவர் என்ற பொருள் தரும் சொல்லால் சட்டம் சுட்டுகிறது. கோயில் நிலத்திற்கு அறங்காவலர் எவ்வாறோ அவ்வாறு. அறங்காவலர் நிலத்தை விற்றால் ஊர் சும்மா இருப்பதில்லை.

வெளி மாநிலத் தமிழருக்கு மிகவும் பயன்படும் விதி ஒன்றை இறுதியாகக் குறிப்பிட வேண்டும். விவரம் கேட்கும் நிறுவனம் என்னென்ன விவரம், எதன் பொருட்டு என்று முன்னறிவிப்புக் கொடுத்தல் வேண்டும். அந்த அறிவிப்பையும் சம்மதம் கேட்கும் வாசகத்தையும் ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலுமோ பெறும் வாய்ப்பை நமக்கு அளித்தல் அதன் கடமை. மாநிலம் எது என்ற வரையறை அங்கே இல்லை. செகந்தராபாத்தில் இருப்பவரும், மும்பை தாராவியில் இருப்பவரும், தில்லியில் கரோல் பாகில் இருப்பவரும் தமிழில் கேட்கலாம். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் தமிழ், வீட்டு மொழியாகச் சுருங்கிவிடுவதே இதுவரை கண்ட அனுபவம். வங்கியிலும் மருத்துவமனையிலும் நீட்டப்படும் தாளில் எங்கே கையெழுத்து என்று மட்டும் பார்த்துப் போட்டுவிடும் நம் தாய்மார்களுக்கு, போடுவதற்கு முன் தமிழில் படிக்கும் உரிமை இதனால் ஏற்படுகிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறும் வழி இருத்தல் வேண்டும் என்பது சட்டம்.

பல நிறுவனங்கள் இதனைப் பெயரளவுக்கு இயந்திர மொழிபெயர்ப்பால் நிறைவேற்றிவிடக்கூடும் என்ற அச்சம் நம் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு உண்டு. அதற்கும் பரிகாரம் கேட்பவரிடமே இருக்கிறது. தமிழில் வந்த அறிவிப்பு விளங்கவில்லையென்றால் விளங்கவில்லை என்றே எழுதிக் கேட்கலாம். எளிய, தெளிவான மொழி வேண்டும் என்பதும் சட்டத்தில் எழுதப்பட்டதே. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. அண்ணாவின் மனைவி அன்றே அந்த எண்ணுக்குத் தெரிவித்ததால் 40,000 ரூபாய் வரையில் ஒரு கணக்கில் முடக்கப்பட்டது. மீதத்திற்காக அவர்கள் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.